நாசிக் சின்ன ஒயின் ஆலைகள்: எந்தப் பக்கம் போவது, எத்தனை பார்ப்பது, என்ன சாப்பிடுவது?

மாட்டுங்கா மசாலா (இழையைத் தொடங்கியவர்)

மும்பையிலிருந்து நாசிக். நாலு பேர், சொந்தக் கார். 2026 ஜனவரி 24, 25, 26: சனி, ஞாயிறு, குடியரசு தினம் சேர்ந்து மூணு நாள். ஒருத்தர் சுத்த சைவம், இன்னொருத்தர் குடிக்க மாட்டார். சூலா எல்லாருக்கும் தெரிந்த பெரிய ஒயின் ஆலை, அதை விட்டுச் சின்ன ஆலைகள்தான் பார்க்கணும். என் கணக்கு: முதல் நாள் யார்க், சோமா, வலோன், குரோவர் ஜம்பா. இரண்டாம் நாள் ரெவைலோ, ஃபிராட்டெல்லி. மூணாவது நாள் பிடித்ததை வாங்கிக்கொண்டு திரும்புவது. வரிசை சரியா? சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?

கட்டைவண்டி

வரிசைக்கு முன்னால் மூணு திருத்தம்.

ஃபிராட்டெல்லி நாசிக்கில் இல்லை. அது சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜ் பக்கம், புனேயிலிருந்து தென்கிழக்கே போகணும். நாசிக்கோடு சேர்த்து ஒரே பயணத்தில் முடிகிற காரியமில்லை. அடித்துவிடுங்கள்.

26 மகாராஷ்டிரத்தில் டிரை டே (மது விற்கக் கூடாத நாள்). விற்பனையும் கிடையாது, டேஸ்டிங்கும் (ஒயினை ருசி பார்ப்பது) கிடையாது. வாங்கிக்கொண்டு திரும்புவதாகச் சொல்லும் நாளில்தான் ஒரு பாட்டில்கூட கைக்கு வராது. தேர்தல் சமயத்திலும் இப்படித்தான், வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். உள்ளாட்சித் தேர்தல் என்று அலட்சியமாக விட்டுவிடாமல் தேதி பாருங்கள்.

மூணாவது திருத்தம் தூரம். 'நாசிக்' என்று ஒரே பெயரில் சொன்னாலும் ஆலைகள் மூணு திசையில் சிதறிக் கிடக்கின்றன. கங்காப்பூர் அணைப் பக்கம் (நகரத்துக்கு மேற்கே) சூலா, சோமா, யார்க் மூணும் சில கிலோமீட்டருக்குள். இகத்புரிப் பக்கம் (தென்மேற்கே, சஞ்சேகாவ் ஊரைச் சுற்றி) வலோன், குரோவர் ஜம்பா. நிபாட் பக்கம் (வடகிழக்கே, குந்தேவாடி) ரெவைலோ. கங்காப்பூரிலிருந்து சஞ்சேகாவ் போக நல்ல பாதையில்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு திசை, ஒரு திசையில் இரண்டு ஆலை. அதற்கு மேல் போனால் ஒயின் ஞாபகமிருக்காது, பார்க்கிங்தான் ஞாபகமிருக்கும்.

மும்பையிலிருந்து வரும்போது இகத்புரிதான் முதலில் வரும். அதனால் அந்தப் பக்கத்தைப் போகிற வழியிலேயே முடித்துவிட்டு, இரவு நாசிக்கில் தங்குங்கள். சம்ருத்தி (மும்பை–நாக்பூர்) விரைவுச்சாலையின் ஆமனே–இகத்புரி துண்டு 2025 ஜூனில் திறந்தபிறகு கசாரா காட் மலைப்பாதை ஏறவேண்டிய அவசியமே இல்லை. மழைக்காலத்தில் காட் வழி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எட்டாம் நம்பர் பீப்பாய்

'சொந்தக் கார்' என்கிற இடத்தில் நிற்கிறேன். யார் ஓட்டுவது? குடிக்காதவர் ஓட்டுவார் என்றால் சரி. இல்லையென்றால் கணக்கைப் பாருங்கள்.

ஒரு டேஸ்டிங்கில் ஆறு ஒயின், ஒவ்வொன்றும் 30 மில்லி என்று வையுங்கள். மொத்தம் 180 மில்லி. 13 சதவீத ஆல்கஹால் என்றால் 23.4 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் ஏறக்குறைய 18.5 கிராம். 65 கிலோ ஆணுக்கு இது ரத்தத்தில் 100 மில்லிக்கு 40 மில்லிகிராமைத் தாண்டும். 55 கிலோ பெண்ணுக்கு 60 பக்கம் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின் வரம்பு 30. 'சும்மா ருசிதானே பார்த்தேன்' என்கிற ஒரே ஒரு டேஸ்டிங்கிலேயே எல்லை தாண்டிவிடுகிறது. உடம்பு ஒரு மணி நேரத்துக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் குறைக்கும், அதைக் காபியும் மோரும் வேகப்படுத்தாது. முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

வழி இரண்டு. ஒன்று, நாசிக்கில் எட்டு மணி நேரம் – 80 கிலோமீட்டர் என்று டிரைவரோடு கார் எடுப்பது (இகத்புரிக்கு இந்தக் கிலோமீட்டர் போதாது, முன்பே பேசிக்கொள்ளுங்கள்). ஆப்பில் வண்டி பிடித்துப் போவது சுலபம், சாயங்காலம் தோட்டத்திலிருந்து திரும்ப வண்டி கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. இன்னொன்று, துப்புவது. எல்லா ஆலையிலும் துப்புகிற பாத்திரம் இருக்கும், மேசையில் இல்லையென்றால் கேளுங்கள், கொண்டுவந்து வைப்பார்கள். நம் ஊரில் துப்புவது மரியாதைக்குறைவு என்று கூச்சப்படுகிறோம். ஒயின் தொழிலில் துப்புகிறவரைத்தான் விவரம் தெரிந்தவராக எடுத்துக்கொள்வார்கள்.

மாட்டுங்கா மசாலா

குடிக்காதவருக்கு லைசென்ஸ் இல்லை. ஆக, டிரைவரோடு கார். தேதியையும் மாற்றியே ஆகணும் போலிருக்கிறது. எந்த மாதம் சரி?

கம்பம் பந்தல்

தேதியை முடிவு செய்வது கொடிதான், அதனால் அதன் நாட்காட்டியைச் சொல்கிறேன்.

ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும், வருடத்துக்கு ஒரு கவாத்து. நாசிக்கில் அவ்வளவு குளிர் இல்லை, கொடி தூங்குவதில்லை. அதனால் இரண்டு கவாத்து. ஏப்ரலில் ஒன்று: இது கிளை வளர்த்துக் காய்க்கும் மொட்டை உள்ளே உருவாக்கிக்கொள்ள. மழை ஓய்கிற சமயம், செப்டம்பர் கடைசி அக்டோபரில் இன்னொன்று: இதுதான் பழத்துக்கு. இரண்டாவதை அவசரப்பட்டு மழையிலேயே செய்தால் இளங்குருத்தில் அடிச்சாம்பல் நோய் பிடித்துக்கொள்ளும். தாமதித்தால் பழம் பழுப்பது மார்ச் வெயிலில் மாட்டிக்கொள்ளும், சர்க்கரை ஏறி அமிலம் சரிந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சில வாரங்களில்தான் நாசிக் ஒயினின் தலையெழுத்து இருக்கிறது.

போகிறவருக்கு இதன் அர்த்தம் இது: அக்டோபரில் போனால் மொட்டைக் கொடி. நவம்பரில் பூ, அப்போது பருவம் தவறி மழை பெய்தால் பூ உதிரும், விவசாயி முகத்தைப் பார்க்க முடியாது. டிசம்பரில் பச்சைக் காய், கடைசியில் கறுப்பு ரகங்கள் நிறம் மாற ஆரம்பிக்கும். ஜனவரியில் வெள்ளை ரகங்களின் அறுவடை (செனின் பிளாங், சாவிஞ்யோன் பிளாங்), பிப்ரவரியிலிருந்து மார்ச் வரை கறுப்பு ரகங்களான ஷிராஸ், காபர்னே. ஏப்ரல், மே மாதத்தில் தோட்டத்தில் பார்க்க ஒன்றுமில்லை, வெயில்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையெல்லாம் பச்சை, இகத்புரிப் பக்கம் அருவி, மூடுபனி. ஆனால் கொடியில் ஒரு கொத்துகூட இருக்காது. மழைக்காலப் படங்களைப் பார்த்துவிட்டுத் திராட்சை தேடிப் போகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் என் தேர்வு. வெள்ளை தொட்டியில் நொதித்துக்கொண்டிருக்கும், சிவப்பு கொடியில் தொங்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். அறுவடை விடியற்காலையில் நடக்கும், குளிரில் பறித்த பழம்தான் வாசனையோடு பிழியப் போகும். ஒன்பது மணிக்கு மேல் போனால் காலிக் கூடைகள்தான். ஆலைக்கு முன்கூட்டியே போன் செய்து 'நாளைக்கு அறுவடை உண்டா, எத்தனை மணிக்கு' என்று கேளுங்கள். சின்ன ஆலையில் பதில் கிடைக்கும். பெரிய இடத்தில் டிக்கெட் கவுண்டர்தான் கிடைக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கு ஆட்களுக்கு ஒரு வார்த்தை: நம் பன்னீர் திராட்சையை (மஸ்கட் ஹாம்பர்க்) மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே கூரை போல் படர்ந்த பந்தல் பார்த்தால் பெரும்பாலும் அது சாப்பிடுகிற தாம்சன் ரகத் திராட்சை. ஒயின் ரகங்களை வேலி மாதிரி நிமிர்த்திக் கம்பியில் கட்டியிருப்பார்கள், காற்றும் வெயிலும் கொத்தில் பட. சாப்பிடுகிற பழம் ஏக்கருக்கு 10 டன் சாதாரணம். நல்ல ஒயினுக்கு மூணு, நாலு டன்னோடு நிறுத்தப் பார்ப்பார்கள். பழம் சின்னது, தோல் தடிப்பு, கொட்டை உண்டு. கொடியிலிருந்து பறித்து வாயில் போடாதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள்.

குமிழி

//தொட்டியில் நொதித்துக்கொண்டிருக்கும்//

ஒரு எச்சரிக்கை. நொதிக்கும் அறையில் தொட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்க்காதீர்கள். கார்பன் டைஆக்ஸைடு கீழே தேங்கி நிற்கும், ஒரே இழுப்பில் மூச்சு முட்டி ஆள் விழலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தயிர்சாதம்

சைவம் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒயின் திராட்சைதானே, எல்லாம் சைவம்தான் என்று நினைக்கிறோம். தெளிய வைக்கச் சேர்க்கிற பொருளில்தான் சிக்கல். சிவப்பின் துவர்ப்பைக் குறைக்க முட்டை வெள்ளைக்கரு, வெள்ளையைப் பளபளப்பாக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் அல்லது பால் புரதம் (பால் சாப்பிடுகிற சைவருக்கு இது சிக்கலில்லை), இதெல்லாம் பழைய முறை. பெண்டனைட் என்கிற களிமண்ணாலும் செய்யலாம், அது சைவம். வடிகட்டும்போது பெரும்பகுதி போய்விடும் என்றாலும் கொள்கை கொள்கைதானே. 'எதால் ஃபைனிங் (தெளிய வைப்பது) செய்தீர்கள்?' என்று கேளுங்கள். டூர் காட்டுகிற பையனுக்குத் தெரியாவிட்டால் ஒயின் மேக்கரிடம் கேட்டுச் சொல்வார்.

குடிக்காதவரை டேஸ்டிங் மேசையில் உட்கார வைத்துக் கொட்டாவி விட வைக்காதீர்கள். சின்ன ஆலையில் முகர்ந்து பார்க்க ஒரு காலி கிளாஸ் கேட்டால் கொடுப்பார்கள், பாதி வேலை மூக்குக்குத்தான். திராட்சை மிதிக்கிற நிகழ்ச்சி இருந்தால் அவருக்குப் பிடிக்கும். அது வேடிக்கைக்கு மட்டும், அந்தச் சாறு ஒயினாவதில்லை.

எட்டாம் நம்பர் பீப்பாய்

'சின்ன ஆலை' என்ற சொல்லையும் கொஞ்சம் அலசுவோம். யார்க் ஒரு குடும்பம் ஆரம்பித்தது, 2021-இல் சூலா வாங்கிவிட்டது. இடம் அழகு, அணைத் தண்ணீரைப் பார்த்தபடி சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம், ஆனால் அதைத் தனி ஆலை என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள். குரோவர் ஜம்பா சின்னதே இல்லை, நந்திமலைப் பக்கமும் அவர்களுக்கு ஆலை உண்டு. நீங்கள் கேட்கிற அர்த்தத்தில் வலோன்தான் சரி: முக்னே அணையின் தேங்குநீர்ப் பக்கம், கொஞ்சம் அறைகள், சொந்தச் சாப்பாடு, குறைந்த உற்பத்தி. ரெவைலோ இத்தாலி ரகங்களுக்காகப் போகவேண்டிய இடம். கிரில்லோ, நேரோ தாவோலா, இரண்டும் சிசிலியின் வெக்கைக்குப் பழகியவை, நம் நாட்டில் வேறெங்கும் லேசில் கிடைக்காது.

கம்பம் பந்தல்

யார் வாங்கினால் என்ன, ஒயின் நன்றாக இருந்தால் போதாதா? சூலாவையும் ஒதுக்கித் தள்ளாதீர்கள். 1990-களின் கடைசியில் அவர்கள் அங்கே ஒயின் ரகம் நட்டிருக்காவிட்டால் இன்றைக்கு இந்த இழையே இல்லை. முதல் ஒயின் 2000-இல், டேஸ்டிங் அறை 2005-இல். மற்றவர்கள் எல்லாம் அந்தப் பாதையில் வந்தவர்கள்தான். ஷிராஸ் எப்படி இருக்கணும் என்று அளவுகோல் வேண்டுமானால் அங்கே ஒரு மணி நேரம் செலவழியுங்கள். வார நாளில், காலை பதினொன்றுக்குள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், திருவிழாக் கூட்டம்.

எட்டாம் நம்பர் பீப்பாய்

ஒயின் நன்றாக இருந்தால் போதும்தான், மறுக்கவில்லை. சின்ன இடத்தில் கிடைப்பது ஒயினைவிட பதில். கேட்கவேண்டிய கேள்விகளைச் சொல்கிறேன், இதைக் கேட்டாலே ஊற்றுகிறவரின் பேச்சு மாறும், உள்ளேயிருந்து லிஸ்டில் இல்லாத ஒரு பாட்டில் வரும்.

பழம் சொந்தத் தோட்டமா, ஒப்பந்த விவசாயியிடமா? ஒப்பந்தம் என்றால் டன்னுக்குக் காசா, ஏக்கருக்கா? (டன்னுக்கு என்றால் விவசாயி அதிகம் விளைவிக்கத்தான் பார்ப்பார். பழம் நீர்த்துப்போகும்.) எத்தனை பிரிக்ஸில் (பழத்தின் சர்க்கரை அளவு) பறித்தீர்கள்? வெள்ளைக்கு 21, 22, சிவப்புக்கு 23, 24 என்றால் இயல்பு. மரப்பீப்பாயா, ஸ்டீல் தொட்டியில் ஓக் மரச் சில்லு போட்டதா? பீப்பாய் என்றால் பிரெஞ்சா, அமெரிக்கனா, எத்தனையாவது தடவை பயன்படுத்துவது? 225 லிட்டர் பீப்பாய் ஒன்றில் 300 பாட்டில்தான் வரும், மூணு வருடத்தில் அதன் வாசனை தீர்ந்துவிடும், விலை இறக்குமதி விலை. 'ரிசர்வ்' என்று எழுதியதன் விலை இதிலிருந்துதான் வருகிறது. அந்தச் சொல்லுக்கு இங்கே சட்டப்படி பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை.

டேஸ்டிங் வரிசை: குமிழி ஒயின், ஓக் படாத வெள்ளை, ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்), இளசான சிவப்பு, பீப்பாய்ச் சிவப்பு, கடைசியில் இனிப்பு. தலைகீழாகக் கொடுத்தால் மாற்றச் சொல்லுங்கள், இனிப்புக்குப் பிறகு எந்த உலர் (இனிப்பில்லாத) ஒயினும் எலுமிச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், கிண்ணத்தில் பிடித்தால் கைச்சூடு ஏறும். முதலில் சுற்றாமல் முகருங்கள், பிறகு சுற்றி முகருங்கள். வாயில் 10 மில்லி எடுத்து ஐந்து விநாடி உருட்டித் துப்புங்கள். நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறினால் அமிலம், ஈறு காய்ந்து இழுத்தால் டானின் (துவர்ப்பு), தொண்டையில் சூடு என்றால் ஆல்கஹால். இந்த மூன்றில் எது மற்ற இரண்டை அடித்துச் சாப்பிடுகிறது என்று பார்த்தால் போதும், அதற்கு மேல் 'செர்ரி, புகையிலை, தோல்' என்றெல்லாம் கற்பனை பண்ணவேண்டாம். நாவல்பழம், கொய்யா, பச்சை மிளகாய் என்று நமக்குத் தெரிந்த வாசனையைச் சொல்லுங்கள், அவர்களுக்கும் புரியும்.

அன்றைக்கு மல்லிகைப்பூ, ஜவ்வாது, அத்தர் எதுவும் வேண்டாம். உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்து மேசைக்கும் மூக்கு அடைத்துவிடும்.

குமிழி

சூட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிப்ரவரி மதியம் நாசிக்கில் 30 டிகிரி பக்கம். 'ரெட் ஒயின் அறை வெப்பத்தில்' என்பது குளிர்நாட்டு அறை, 16–18 டிகிரி. வெளித் திண்ணையில் வைத்த சிவப்பு 28 டிகிரியில் வந்தால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும், ஒயினைக் குறை சொல்லிவிட்டு வந்துவிடுவீர்கள். பாட்டிலைப் பத்து நிமிடம் ஐஸ் வாளியில் வைக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாமல். வெள்ளைக்கு 8–10, குமிழிக்கு 6–8. அதைவிடக் குளிர்ந்தால் வாசனை செத்துவிடும். பெரிய பார்களில் வெள்ளையை ஐஸ் மாதிரி கொடுப்பதே குறையை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

கெட்ட ஒயினைத் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் எது கெட்டது என்று தெரியணும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் கார்க் கெட்டது. வெட்டி வைத்துக் கறுத்துப்போன ஆப்பிள் வாசனை, நிறம் பழுப்பு என்றால் காற்றுப் பட்டது. முந்தாநாள் திறந்த பாட்டிலாக இருக்கும், புதுசு திறக்கச் சொல்லுங்கள். நெயில்பாலிஷ் நீக்கி அல்லது வினிகர் வாடை என்றால் பாக்டீரியா வேலை, சரிசெய்ய முடியாது. அவித்த முட்டை, தீக்குச்சி வாடை மட்டும் அவசரப்பட்டுத் தள்ளவேண்டாம். அது கந்தகம், இரண்டு நிமிடம் நன்றாகச் சுற்றினால் பல சமயம் போய்விடும். அடியில் கண்ணாடித் துகள் மாதிரி படிந்திருப்பது கண்ணாடி அல்ல, டார்ட்டாரிக் அமில உப்பு. புளியில் இருக்கிற அதே அமிலம்தான்.

மாட்டுங்கா மசாலா

தகவல் கொட்டுகிறது, நன்றி. சாப்பாட்டுக்கு வாங்க. ஆலைகளில் எல்லாம் பீட்சா, பாஸ்தாதான் மெனுவில் இருக்கிறது. அதற்காக நாசிக் வரை போகணுமா?

தயிர்சாதம்

போகவேண்டாம். நாசிக் சாப்பாடு வேறு, அதுவே ஒயினோடு பேசும். ஆனால் எதோடு எது என்பதில் ஒரு பொறி இருக்கிறது.

பொறி மிசல். நரிப்பயறை முளைகட்டி வேகவைத்த உசல், மேலே ஃபர்சான் (மிக்சர்), வெங்காயம், மல்லி, எலுமிச்சை. பக்கத்தில் சிவப்பாகவோ கறுப்பாகவோ தனியாக ஒரு கிண்ணம் ரசா (காரக் குழம்பு), மேலே எண்ணெய் மிதக்கும். பாவ் தொட்டுச் சாப்பிடுவது. விறகடுப்பில் செய்யும் 'சுலீவர்ச்சி மிசல்' கடைகள் கங்காப்பூர்ப் பக்கத்துத் தோட்டங்களை ஒட்டியே இருக்கின்றன. அதனால் எல்லாரும் செய்வது: காலை ஒன்பதுக்கு மிசல், பதினொன்றுக்கு டேஸ்டிங். மிளகாய்க் காரம் நாக்கில் இறங்கியபின் ஆல்கஹால் எரியும், டானின் கசக்கும், வெள்ளையின் நுணுக்கம் ஒன்றும் தெரியாது. மிசலை டேஸ்டிங் இல்லாத காலைக்கு ஒதுக்குங்கள், அதாவது ஊர் திரும்புகிற நாள். டேஸ்டிங் நாள் காலையில் சாபுதானா (ஜவ்வரிசி) கிச்சடி, போஹா (அவல்), பச்சை மிளகாயை ஒதுக்கிவைத்துவிட்டு. வெறும் வயிற்றோடும் போகாதீர்கள்.

கம்பம் பந்தல்

மிசலோடு பீர்தான் ஐயா. ஒயினை அதோடு கட்டிவைப்பது வலுக்கட்டாயக் கல்யாணம்.

தயிர்சாதம்

ஷிராஸோடு என்றால் வலுக்கட்டாயம்தான். கொஞ்சம் இனிப்பு மிச்சம் வைத்த செனின் பிளாங், நன்றாகக் குளிரவைத்து, ஆல்கஹால் 12-க்குள், கூடத் தயிர் ஒரு கிண்ணம். முயன்றுவிட்டுச் சொல்லுங்கள். இனிப்பு காரத்தை அமர்த்தும், அமிலம் எண்ணெயை வெட்டும். எலுமிச்சையை மிசலில் பிழியாதீர்கள், உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பைத் தாண்டினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

மற்றவை சுலபம். கொத்திம்பீர் வடி (கடலை மாவும் கொத்தமல்லியும் ஆவியில் வேகவைத்து, துண்டு போட்டு வறுத்தது) சாவிஞ்யோன் பிளாங்குக்கென்றே பிறந்தது. இரண்டிலும் அந்தப் பச்சை வாசனை ஒன்றுக்கொன்று சேர்ந்துகொள்ளும். சாபுதானா வடை, பக்கோடா மாதிரி எண்ணெயில் பொரித்ததெல்லாம் குமிழி ஒயினோடு. வாங்கியாச்சே பாரித், அதாவது சுட்ட கத்திரிக்காய், இந்த ஊருக்கு வடக்கே கான்தேஷின் பெருமை. அந்தப் புகைமணத்துக்கு ஓக் பட்ட சிவப்பு பொருந்தும், காரம் குறைத்துக் கேட்டால். பிட்லா–பாக்ரி (கடலை மாவுக் குழம்பும் கம்பு ரொட்டியும்) மண்வாசனைச் சாப்பாடு, ரோஸே அல்லது இளசான ஜின்ஃபாண்டெல். கூட வைக்கிற டேச்சாவை (பச்சை மிளகாயும் பூண்டும் நிலக்கடலையும் இடித்தது) தொட்டால் அந்த கிளாஸ் அதோடு முடிந்தது, அது ஒன்றைத் தள்ளிவையுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் காலா மசாலா மட்டன். கறுத்துப்போக வறுத்த கொப்பரை, வெங்காயம், கிராம்பு, கல்பாசி. செட்டிநாட்டுக்காரர்களுக்கு மூக்கிலேயே அடையாளம் தெரியும். கல்பாசியின் அந்த மண்–மர வாசனையும் பீப்பாய் ஷிராஸின் மிளகு வாசனையும் சேரும். ரசாவைக் குடிக்காமல் கறியை மட்டும் எடுத்துக்கொண்டால்தான், ரசாவில் காரம் அதிகம்.

இனிப்புக்கு ஒரே விதி: ஒயின் இனிப்பைவிட இனிப்பாக இருக்கணும். லேட் ஹார்வெஸ்ட் (தாமதமாகப் பறித்த) செனின் ஒரு சின்னக் கிளாஸ், கூடப் பூரண்போளி கால் துண்டு, நெய் தாராளமாக. ஜிலேபியோடு எந்த ஒயினும் தோற்றுவிடும். வலோனில் பழத்தை உலரவைத்துச் செய்கிற இனிப்பு ஒயின் ஒன்று உண்டு, 'வான் த பாஸ்ஸெரியாழ்' என்று லேபிளில் இருக்கும். அதை இனிப்பே இல்லாமல் தனியாகக் குடிப்பது நல்லது.

கட்டைவண்டி

வாங்குவது பற்றி. லேபிளில் அறுவடை வருடமும் பாட்டிலில் அடைத்த மாதமும் இருக்கும். உள்ளூர் வெள்ளை, ரோஸே எதையும் அறுவடையிலிருந்து இரண்டு வருடத்துக்குள் முடித்துவிடுங்கள், வைத்தால் மெருகேறாது. பீப்பாய்ச் சிவப்பு நாலைந்து வருடம் தாங்கும். கடையில் ஜன்னல் வெயிலில் நிற்கிற பாட்டிலை எடுக்காமல் உள்ளேயிருந்து கேளுங்கள்.

கார் டிக்கியில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனால் உள்ளே சூடு ஏறிவிடும். கார்க் மேலே தள்ளி நிற்கும், பழச்சுவை வேகவைத்த ஜாம் ஆகிவிடும். தெர்மோகோல் பெட்டியில் வைத்து சீட்டுக்குக் கீழே, அல்லது வாங்குவதையே கடைசி நிறுத்தத்துக்குத் தள்ளிவையுங்கள். விமானம் என்றால் செக்–இன் பையில் மட்டும். 24 சதவீதத்துக்குக் கீழே என்பதால் ஒயினுக்கு விமான விதி தடை சொல்லாது, பையின் எடைதான் தடை. ஒரு பாட்டில் 1.2 கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை.

விமானம் விடுவது வேறு, மாநிலம் விடுவது வேறு. தமிழ்நாட்டுக்குள் வெளிமாநிலச் சரக்கு என்றால் புதுச்சேரி பாட்டிலுக்கு என்ன கதியோ அதே கதி. நாசிக்கிலிருந்து சாபுத்தாரா மலைக்கு ஒரு நடை போகலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: அது குஜராத், மதுவிலக்கு மாநிலம். டிக்கியில் ஒரு பாட்டில் இருந்தாலும் எல்லைச் சாவடியில் மாட்டிக்கொள்வீர்கள்.

மாட்டுங்கா மசாலா

மாற்றிய திட்டம். பிப்ரவரி 12, 13: வியாழன், வெள்ளி. முதல் நாள் காலை சம்ருத்தி வழியாக இகத்புரி, குரோவர் ஜம்பா 11 மணி, வலோனில் மதியச் சாப்பாடும் டேஸ்டிங்கும், அங்கேயே இரவு. இரண்டாம் நாள் கங்காப்பூர் பக்கம் சூலா (திட்டு வாங்கியபிறகு சேர்த்தது), சாயங்காலம் யார்க். இரவு நாசிக். 14 சனிக்கிழமை காலை மிசல், அப்புறம் நிபாட் போய் ரெவைலோ, 15 ஞாயிறு திரியம்பகேஷ்வர் கும்பிட்டுவிட்டு மும்பை. கார் மும்பையிலிருந்தே டிரைவரோடு.

எட்டாம் நம்பர் பீப்பாய்

14 மிசலையும் ரெவைலோவையும் மாற்றிப்போடுங்கள். மேலே அவ்வளவு சொல்லியும்!

கட்டைவண்டி

15 மகாசிவராத்திரி. திரியம்பகேஷ்வர் ஜோதிர்லிங்கம், அன்றைக்கு அந்தச் சாலையில் வண்டி நகராது, தரிசன வரிசை மணிக்கணக்கில். நாசிக்கில் அறை விலையும் ஏறியிருக்கும். 14 காலை ரெவைலோ (முன்பதிவோடு), மதியம் மிசல், அங்கிருந்தே மும்பை. கோயிலுக்கு வேறொரு வாரம். 2027-க்குத் தள்ளிவைக்காதீர்கள், அந்த வருடம் கும்பமேளா. இன்னொன்று, 14 காதலர் தினம், சனிக்கிழமை வேறு. சூலாவை 13-இல் வைத்தது நல்லதாகப் போயிற்று.

மாட்டுங்கா மசாலா

மதியம் இரண்டு மணிக்கு மிசல் கிடைக்குமா?

தயிர்சாதம்

விறகடுப்புக் கடைகள் பெரும்பாலும் மதியத்தோடு மூடிவிடும், பானை காலியானால் அதற்கும் முன்பே. ரெவைலோவை ஒன்பதரைக்குக் கேளுங்கள், பன்னிரண்டரைக்குள் நாசிக் திரும்பிவிடலாம். வழியில் லாசல்காவ் வெங்காய லாரிகள் மறிக்காமல் இருந்தால்.